பெட்டி கற்பிக்காது

(தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கில எழுத்துகள் ஐந்தைக் கோத்துச் செய்த ஒரு பெயர் கல்வித் துறையில் இப்பொழுது பெரிதாகப் பேசப்படுகின்றது. அதனை ‘இசுடீம்’ என்கின்றனர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணக்கு ஆகிய ஐந்தையும் தனித்தனி அறைகளிற் பூட்டி வையாமல், ஒன்றோடொன்று சேர்த்துக் குழந்தை தன் கையாற் செய்து கற்றல் வேண்டும் என்பது அதன் பொருள். அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லுக்கு நீராவி என்றும் பொருள் உண்டு. அப்பெயரை வாயிற்பலகையிற் பொறித்துக்கொண்ட தனியார் பள்ளிகள் சிலவற்றில் பெற்றோரின் பணந்தான் ஆவியாகிப் போகின்றது! நாம் அதனைச் செய்கல்வி என்றே வழங்குவோம். பெயர் தமிழாயிற்று என்பதால் வேலை முடிந்துவிடாது. அச்செய்கை நம் பள்ளிகளில் நடக்கின்றதா, நடக்கவில்லையெனில் எதனால் நடக்கவில்லை என்பதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

முதற்கண் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். இவ்வவையிற் சிலருக்கு அவ்வையம் எழுந்திருக்கும்; எழத்தான் வேண்டும். கையாற் செய்து கற்பது என்றவுடன் நமக்கு 1953-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. இராசாசி முதலமைச்சராயிருந்த அவ்வாண்டில், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரமே பள்ளி, எஞ்சிய நேரத்திற் பெற்றோர் தொழிலைப் பழகுக என்றொரு திட்டம் வந்தது. தமிழ்மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று இனங்கண்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு முற்றிலும் முறையானது. கையுழைப்பாளியின் பிள்ளைக்குக் கை, ஏடு படித்தவன் பிள்ளைக்குத் தலை என்று பிரித்து வைத்த நாட்டில், அப்பிரிவினையைப் பள்ளிக்குள்ளும் கொண்டுவரப் பார்த்த திட்டம் அது.

செய்கல்வி அதற்கு நேர் எதிரானது. குயவர் மகளும் மாவட்ட ஆட்சியர் மகனும் ஒரே இடத்தில் அமர்ந்து, ஒரே மண்ணை நீரிற் கரைத்து, களிமண் எவ்வளவு நீரைப் பிடித்துக்கொள்கின்றது, மணல் எவ்வளவு நீரை விட்டுவிடுகின்றது என்று அளந்து எழுதுவது அது. குலக்கல்வியில் பிள்ளையின் கை ஒரு தொழிலுக்குக் கட்டுப்பட்டது. இங்கோ அக்கை ஒரு வினாவுக்கு விடை தேடுகின்றது. தாளில் மட்டுமே படித்துத் தேறும் கல்வி யாருக்கு வாய்ப்பளிக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் நூலும் தனிப்பயிற்சியும் உடைய பிள்ளைக்கே. மண்ணும் விதையும் கயிறும் பாடமாக வரும்பொழுது உழவர் பிள்ளை வகுப்பிற் பின்தங்கி நிற்பதில்லை. பன்முறை முன்னே நிற்கின்றது.

இனி, மெய்யாக நடந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொள்வோம். அது நடந்த இடம் மத்தியப் பிரதேசத்தில் நருமதை ஆற்றங்கரையில் உள்ள ஒசங்காபாத்து மாவட்டம். 2022 முதல் அதன் பெயர் நருமதாபுரம். இந்தி பேசும் மாநிலத்தில் நமக்கென்ன பாடம் என்று எவரேனும் முகஞ்சுளித்தால், அவர்க்கு என் விடை இது: இந்தியைத் திணிப்பாரை எதிர்ப்போம், தம் மொழியில் தம் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செவ்வையாகக் கற்பித்த ஆசிரியரிடம் கற்றுக்கொள்வோம்.

1972-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் அம்முயற்சி தொடங்கிற்று. கிசோர் பாரதி என்னும் அமைப்பும், இரசூலியாவிலிருந்த நண்பர் ஊரக நடுவமும் மாநில அரசின் இசைவு பெற்று அதனைத் தொடங்கின. கிசோர் பாரதியை நிறுவிய அனில் சட்கோபால், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் ஆய்ந்தவர். அதனை விட்டுச் சிற்றூருக்கு வந்தவர். அந்நிறுவனத்து அறிஞரும் தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் அங்கு வந்து பள்ளியாசிரியரோடு சேர்ந்து உழைத்தனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவியா என்னும் அமைப்பு அப்பணியை ஏற்று நடத்திற்று. கட்டைவிரலைக் காணிக்கையாக இழந்த வேடன் பெயரைக் கைவழிக் கல்விக்குச் சூட்டியவர் யாரோ, அவர் கதையை நன்றாகவே அறிந்தவர்! 2002 அளவில் ஏறத்தாழ 1000 பள்ளிகளில், நூறாயிரம் பிள்ளைகள் அம்முறையிற் பயின்றனர்.

அங்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியற் பாடநூல் என்று நாம் அறிந்த வகையில் ஒன்றுமில்லை. ‘பால் வைஞ்ஞானிக்’, அஃதாவது குழந்தை அறிவியலர் என்னும் பெயரில் ஒரு செயல்நூல் இருந்தது. இதனைச் செய், இதனைப் பார், ஏன் இப்படி ஆயிற்று என்று அது வினவும், விடையைச் சொல்லாது. நால்வர் நால்வராகப் பிள்ளைகள் குழுவாக அமர்ந்து செய்வர். கண்டதைத் தம் சொற்களில் எழுதுவர். பின்னர் வகுப்பு முழுதும் கூடி வழக்காடும். இலைகளைத் திரட்டி வகைப்படுத்தினர், விதைகளை முளைக்க வைத்தனர், வானத்தை நோக்கினர், காசைச் சுண்டிச் சுண்டித் தலை எத்தனை, பூ எத்தனை என்று எண்ணி, வாய்ப்பென்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டெனக் கண்டனர்.

கேட்பதற்கு இனிக்கின்றது. ஆயின் இச்செயல்நூலையும் கருவிப் பெட்டியையும் மட்டும் அனுப்பிவிட்டு அவர்கள் வாளா இருந்திருந்தால், அம்முயற்சி ஆறு திங்களில் மடிந்திருக்கும். அது முப்பதாண்டு நின்றதற்குரிய கரணியம் வேறு. ஆசிரியப் பயிற்சியில் அவர்கள் செய்த மாற்றமே அது. ஆறாம் வகுப்புக்கு ஒரு கோடை, ஏழாம் வகுப்புக்கு ஒரு கோடை, எட்டாம் வகுப்புக்கு ஒரு கோடை எனக் கோடைதோறும் ஏறத்தாழ மூன்று கிழமை ஆசிரியர்கள் கூடினர். கூடிச் சொற்பொழிவு கேட்கவில்லை. பிள்ளைகள் செய்யவேண்டிய ஒவ்வொரு செய்முறையையும், பிள்ளைகளைப் போலவே நால்வர் குழுக்களாக அமர்ந்து, தம் கையாலேயே செய்தனர்.

இஃது ஏன் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரை 100 செ.மீ. இருக்கட்டும். சிறிதே இழுத்து விட்டால், அது போய் வரும் பத்து முழு அலைவுகளுக்கு ஏறத்தாழ 20 நொடி ஆகும். இப்பொழுது இரு மடங்கு எடையுள்ள கல்லைக் கட்டினால் என்னவாகும்? விரைந்து ஆடும் என்பார் பாதிப் பேர்; மெதுவாக ஆடும் என்பார் மீதிப் பேர். ஆட்டிப் பாருங்கள், நேரம் மாறாது. சரி, நூலின் நீளத்தை 25 செ.மீ. ஆக்குங்கள். நான்கில் ஒரு பங்கு நீளம். ஆதலின் 5 நொடி என்று கணக்கிடுவார் பலர். ஆட்டினால் 10 நொடி வருகின்றது. 50 செ.மீ. நூலுக்கு எத்தனை நொடி? அதனை நான் சொல்லப் போவதில்லை.

இச்செய்முறைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆனால் முன்னரே செய்து பார்த்திராத ஆசிரியர் இதனை வகுப்பிற் செய்யத் துணியார். ஒரு குழு 19 நொடி என்னும். இன்னொரு குழு 21 என்னும். வேறொரு குழு பதினோரலைவை எண்ணிவிட்டு 22 என்னும். எது சரி என்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வினவும்பொழுது, செய்து பழகாதவர்க்கு அச்சம் வருகின்றது. அச்சம் வந்தவர் என்ன செய்வார்? கரும்பலகையில் விடையை எழுதிப் போட்டுப் படிக்கச் சொல்வார். அவரைக் குறை கூறுதற்கு நமக்கு உரிமையில்லை. அவர்க்குப் பயிற்சி அளித்தவரும் அவ்வாறே எழுதிப் போட்டவர்தாமே! தம் கையால் அலைவை எண்ணி, தாமும் ஒருமுறை பிழைபட எண்ணி, அளவுகள் ஏன் வேறுபடுகின்றன என்று தம் குழுவோடு வழக்காடிய ஆசிரியர்க்கோ, அந்த 19-உம் 21-உம் தொல்லையல்ல. அவையே பாடம். அளப்பவர் கையும் கண்ணும் அளவினுட் புகுகின்றன, ஆதலின் பலமுறை அளந்து நடுவளவு காண்கின்றோம் என்பதை அவர் அங்கேயே கற்பித்துவிடுவார்.

இன்னுமொரு செய்தி. ‘எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்’ என்று பிள்ளைகள் முன் சொல்லுதல் இழிவன்று என்பதை அப்பயிற்சி ஆசிரியர்க்குப் பழக்கிற்று. பல்கலைக்கழகப் பேராசிரியரே அவ்வாறு சொல்லக் கேட்டபின், ஊர்ப்பள்ளி ஆசிரியர் சொல்லக் கூசுவாரா? பிள்ளைகள் தம் ஐயங்களை மடலாக எழுதியனுப்பச் சவாலிராம் என்னும் கற்பனைப் பெயரொன்றையும் அங்குப் படைத்தனர். மடல்கள் வந்தன, விடைகள் சென்றன. திங்கள்தோறும் அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்திற் கூடினர். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினர். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுச் செயல்நூலே திருத்தப்பட்டது. எழுதியவன் ஒருவன், நடத்துகின்றவன் வேறொருவன் என்னும் நிலை அங்கு இல்லாதொழிந்தது.

அங்குத்தான் 1978-இல், புனேயில் ஓர் ஊர்தித் தொழிலகத்திற் பொறியாளராயிருந்த அரவிந்த குப்தா ஓராண்டு விடுப்பில் வந்து சேர்ந்தார். கான்பூரிற் பொறியியல் கற்ற அவர், சிற்றூர்ச் சந்தையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்யத் தலைப்பட்டார். தீக்குச்சிகளை மிதிவண்டிக் குழாயால் இணைப்பது அவற்றுள் ஒன்று. மிதிவண்டிக் கடையில் ‘வால் டியூப்’ என்று கேட்டால் தருகின்றார்களே, அந்த மெல்லிய தொய்வக் குழாய். அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இருபுறமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு ஆயிற்று. மூன்று குச்சியால் முக்கோணம் செய்யுங்கள், அழுத்துங்கள், அசையாது. நான்கு குச்சியால் நாற்கரம் செய்யுங்கள். விரல் பட்டதும் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைச் சேர்த்துப் பாருங்கள், அதுவும் நிற்கும். பின்னர்ப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று மின்கோபுரத்தையும் இருப்புப்பாதைப் பாலத்தையும் கூரைச் சட்டத்தையும் காட்டுங்கள். ஏன் அங்கெல்லாம் முக்கோணம் என்று நீங்கள் சொல்லவே வேண்டுவதில்லை. கணக்கும் பொறியியலும் அவ்விடத்தில் ஒன்றாகிவிட்டன. அரவிந்த குப்தாவுக்கு 2018-இல் இந்திய அரசு தாமரைத்திரு விருது வழங்கிற்று. நாற்பதாண்டு கழித்து வந்த விருதைவிட, அந்த ஓரணா மூட்டே பெரிது என்பேன்.

ஐந்தனுட் கலை எங்கே என்பீர்கள். நம் வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றது. கோலத்துக்கு ஊடுபுள்ளி வையுங்கள். நடுவரிசையில் ஐந்து, அதன் இருபுறமும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எண்ணினால் 25. நடுவரிசை ஏழெனில் 49. நடுவரிசை நான்கெனில் 16. ஏன் எப்பொழுதும் நடுவெண்ணை அதே எண்ணாற் பெருக்கிய தொகையே வருகின்றது? புள்ளிகளைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளை அங்கொரு சதுரம் ஒளிந்திருப்பதைத் தானே கண்டுவிடும். இது விளையாட்டுப் பேச்சன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்டு சிரோமணியும் அவரொடு சேர்ந்து ஆய்ந்தோரும் 1974-லேயே கோலங்களைக் கணிப்பொறி மொழியிலக்கணம் கொண்டு ஆய்ந்து எழுதினர். விடியலில் நம் தாய்மார் இட்ட கோலம் உலக அறிவியல் இதழ்களில் ஏறிற்று. ஆனால் நம் பள்ளிக் கணக்கு வகுப்பிற்குள் மட்டும் அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை!

இங்கே நம் இயக்கத்து அன்பர்களுக்கு ஒரு சொல். கலைச்சொல் ஆக்குவது நம் தலையாய கடன். அதில் தளர்ச்சி கூடாது. ஆனால் வகுப்பறையில் சொல் முந்தக் கூடாது. பொருள் முந்த வேண்டும். ‘ஒளிச்சேர்க்கை’ அழகிய தமிழ்ச்சொல்தான். ஓர் இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடி வெயிலில் வைத்து, பின்னர் அயோடின் இட்டு, மூடாத இடம் கருநீலமாவதைக் கண்ணாற் காணாத பிள்ளைக்கு, அதுவும் வேற்றுமொழிச் சொல்லைப் போலவே வெற்றொலிதான். ஊஞ்சலாடி வந்த பிள்ளை கல்லையும் நூலையும் ஆட்டிப் பார்த்தபின் ‘ஊசல்’ என்று சொல்லிப் பாருங்கள். அச்சொல் அதன் உள்ளத்தில் வேரூன்றிவிடும். பிள்ளை முதலிற் சொல்லும் தன் வட்டாரச் சொல்லை இகழாதீர்கள். அதிலிருந்தே நல்ல கலைச்சொல் பிறக்கவும் கூடும்.

ஒசங்காபாத்துக்குத் திரும்புவோம். அங்கு மாற்றப்பட்ட மற்றொன்று தேர்வு. எழுத்துத் தேர்வில் பிள்ளைகள் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தம் குறிப்பேட்டையும் பார்க்கலாம். பார்த்து எழுத முடியாத வினாக்களே கேட்கப்பட்டன. அதனோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவாற்றலுக்கு மதிப்பெண் தந்துகொண்டே எண்ணும் ஆற்றலை வளர்க்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆசிரியரும் பிள்ளையும் தேர்வை நோக்கியே நடப்பர். தேர்வு மனப்பாடத்தைக் கேட்டால், எந்தக் கருவிப் பெட்டியும் திறக்கப்படாது.

ஆயினும் அம்முயற்சி 2002-இல் நிறுத்தப்பட்டது. பிற மாவட்டங்களில் உள்ள பாடநூலே இங்கும் வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட்டது. நாட்டின் அறிவியலறிஞர் பலர் வேண்டாமென்று எழுதினர், அரசு செவிசாய்க்கவில்லை. முப்பதாண்டு உழைப்பை நிறுத்த ஓர் ஆணைத்தாள் போதுமாயிருந்தது. நடுநிலைப் பள்ளியில் செய்து கற்ற பிள்ளை, அடுத்து ஏறும் உயர்நிலை வகுப்பில் பழைய மனப்பாடத் தேர்வையே எழுதவேண்டியிருந்தது. தன் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோர் கவலுறுவதில் வியப்பென்ன? ஒரு மாவட்டத்தை மட்டும் மாற்றி, மேல்வகுப்புகளை மாற்றாமல் விட்டால், அம்மாவட்டம் நெடுநாள் தனித்து நிற்றல் அரிது.

நம் நாட்டுக்கு வருவோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிற்று. ஆந்திரத்து இரிசிவேலியில் உருவான அட்டைமுறையைத் தழுவியது அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்ததும், கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியதும் எளிய செய்திகளல்ல. ஆனால் பல இடங்களில் அட்டையின் வரிசையே ஆசிரியரை ஆண்டது. ஆசிரியர் அட்டையை ஆளவில்லை. 2022 நவம்பரில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல், கணக்குச் செய்முறைகளைக் காட்டவென வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. 13,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான திட்டம். தன்னார்வலர் கருவிகளோடு பள்ளிதோறும் வருவர். நல்ல திட்டம், வரவேற்போம். ஆயினும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வந்தவர் செய்து காட்டிச் சென்றபின், மறுநாள் அவ்வகுப்பில் நிற்பவர் யார்? நீங்கள். உங்கள் கை அக்கருவியைத் தொட்டதா? விருந்தாளி சமைத்துப் போட்டுச் சென்றால் அந்த ஒருநாள் பசி ஆறும்; அடுப்பு நம் வீட்டில் எரிய வேண்டாவா?

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது மேலும் ஒரு பெட்டியை அன்று. கோடையில் ஒரு முழுப் பயிற்சி. அதில் திரையில் ஓடும் படம் வேண்டா, கையிற் கருவி வேண்டும். குறுவள மையக் கூட்டம் திங்கள்தோறும் நடப்பது நமக்கு வாய்ந்த பேறு. ஒசங்காபாத்தில் அரும்பாடுபட்டு அமைத்த ஒன்று இங்கு முன்னரே இருக்கின்றது. அதனைச் சுற்றறிக்கை படிக்கும் கூட்டமாகவும் புள்ளிவிளக்கம் திரட்டும் கூட்டமாகவும் பாழாக்காமல், அத்திங்களில் நடத்தப் போகும் செய்முறைகளை ஆசிரியர் செய்து பார்க்கும் இடமாக்க வேண்டும். கண்ணாடிக் குவளை உடைந்தால் ஆசிரியர் பணங்கட்ட வேண்டும் என்னும் அச்சம் இருக்கும் வரை, கருவிகள் இருப்புப் பதிவேட்டில் மட்டுமே நலமாக வாழும். உடைவதும் தீர்வதும் கற்றலின் செலவு என்று ஆணையே வர வேண்டும். செய்முறைக்கும் தேர்வில் இடம் வேண்டும். எட்டாம் வகுப்போடு நில்லாமல் மேல்வகுப்புகளிலும் வேண்டும். இவ்வளவும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பதை இவ்வவையில் நான் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

அரசு தரும் வரை காத்திருக்க வேண்டா என்பதும் என் கருத்து. அண்டையிலுள்ள நான்கு பள்ளிகளின் ஆசிரியர் ஓர் ஓய்வுநாள் மாலையில் ஒருவர் வீட்டுத் திண்ணையிற் கூடினால் போதும்.

உரை நீண்டுவிட்டது. உணவுக்குப் பின், அடுத்த அறையில் நூலும் கற்களும் அளவுகோலும் வைத்துள்ளோம். நொடி காட்டும் மணிப்பொறி உடையோர் குழுவுக்கு ஒருவராகப் பிரிந்து, நால்வர் நால்வராக அமர அருள்கூர்ந்து வேண்டுகிறேன். 50 செ.மீ. நூலிலிருந்து தொடங்குவோம்.